மதினி பாக்கி வைத்த பதிலடி

செய்தி அரிசி ஆலை அண்ணாச்சியிடமிருந்து வந்தது. எங்கள் மேலகரத்துத் தெருவில் டெலிபோன் அவருடைய ஆலையில் மட்டும்தான் இருக்கிறது. யார் பிறந்தாலும், யார் பாஸானாலும், யார் போனாலும் செய்தி தவிட்டு வாசனையோடுதான் எங்களை வந்து சேரும். அன்று காலை அவர் வாசற்படியில் நின்று, தலையில் படிந்த தவிட்டைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல், "மதுரையிலருந்து உங்க அண்ணன் பேசினான் தாயி. கோமதி போயிட்டாளாம்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன்.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே அவள் மார்பில் விழுந்தது. நான் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. மதினி எனக்கு ஒரு பதிலடி பாக்கி வைத்திருந்தார். அவர் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். இதோ வந்துவிட்டது, அண்ணாச்சியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்தேன். அண்ணாச்சியின் உதடு கோணுவதைப் பார்த்த பிறகுதான், மதினி இந்த வகை விளையாட்டை விளையாட மாட்டார் என்பது எனக்கு உறைத்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமதி கோமதி முருகேசன், தென்காசியில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் அண்ணனின் மனைவி. குற்றாலத்தில் நம் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். போகிற வயதே இல்லை. இதயத்தில் ஒரு வால்வு சிறு வயதிலேயே பழுதாகி, யாருக்கும் தெரியாமல் இருந்து, தெரிந்தபோது தாமதமாகிவிட்டது.

கல்லூரியின் இந்த ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். நான் இந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்தவள். அழகாக அழத் தெரிந்த மாணவிகள் அவருக்குப் பலர் இருக்கிறார்கள். ஆய்க்குடி விஜயலட்சுமி எழுதியிருந்தால் பக்கத்துக்குப் பக்கம் கண்ணீர் ஓடி அச்சகத்தில் மை கலைந்திருக்கும். ஆனால் மதினியோடு ஒரே வீட்டில் இரண்டு வருஷம் மல்லுக்கு நின்றவள் என்ற தகுதி எனக்கு மட்டும்தான் உண்டு. அதை யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை. என் பெயர் செண்பகம். அருவியின் பெயரை வைத்துவிட்டதால்தான் நான் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அப்பா சொல்வார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதினிக்கு ஊர் சுரண்டை. எங்கள் வீட்டைச் சுரண்டத்தான் வருகிறார் என்று கல்யாணப் பந்தலிலேயே சொன்னேன். அண்ணன் கேட்டுவிட்டு முறைத்தான். சொன்னபடியே நடந்தது. அதுவரை அண்ணன் கடையை அடைத்துவிட்டு வரும்போது அவன் பையில் எனக்கென்று ஒரு பொட்டலம் இருக்கும், அல்வாவோ காரச்சேவோ. அதன் பிறகு பொட்டலம் இரண்டாயிற்று. எது பெரியது என்று இரண்டையும் இரண்டு கையில் வைத்து எடை பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு மதினியின் ரசம் பிடித்துப்போயிற்று. படித்த பேப்பரை மடிப்புக் கலையாமல் திருப்பித் தருவதால் அப்பாவுக்கும் பிடித்துப்போயிற்று. என்னைப் பிறாண்டுவதையே தொழிலாக வைத்திருந்த எங்கள் வீட்டுப் பூனை அவர் மடியில் போய்ச் சுருண்டுகொண்டது. பதினைந்து வருஷமாக நான் அந்த வீட்டில் சேர்த்துவைத்த செல்லம் ஒரு மாதத்தில் போயிற்று. புகார் கொடுக்கத்தான் ஸ்டேஷன் இல்லை.

ஆகவே போர் தொடுத்தேன். ஒருநாள் காலையில் அவருடைய காப்பியில் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டேன். நான் எதிர்பார்த்தது இரண்டில் ஒன்று: அழுவார், அல்லது அம்மாவிடம் சொல்வார். அழுதால் எனக்கு வெற்றி. சொன்னால் கோள்மூட்டி என்று ஊர் முழுக்கச் சொல்லலாம், அதுவும் வெற்றி. மதினி கடைசிச் சொட்டு வரை முகம் மாறாமல் குடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, கல்லூரிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை என் பல்பொடியில் நிலவேம்பு கலந்திருந்தது. நான் கிணற்றடியில் துப்பித் துப்பி நாக்கைச் சுரண்டிக்கொண்டு நின்றபோது மதினி பக்கத்தில் வந்தார்.

"கசக்குதா?"

"நீங்கதானா?"

"பின்ன, பூனையா? சரி, இங்கன வந்து உக்காரு. தலை பரட்டையாக் கிடக்கு. பின்னி விடுதேன்."

எனக்குக் குழப்பமாகிவிட்டது. அடித்தவர்கள் அடுத்த நிமிஷம் தலை பின்னிவிடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. அதன் பிறகு நான் எதைச் செய்தாலும் இதே கதைதான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவரின் முந்தானையை நாற்காலியில் முடிந்தேன். அவர் எழுந்தபோது நாற்காலியும் மரியாதையாக எழுந்தது. இரண்டு நாளில் என் தாவணி கட்டில் காலோடு முடியப்பட்டிருந்தது. அவ்வளவுதான். ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது, முகத்தூக்கல் கிடையாது, அம்மாவிடம் ஒரு வார்த்தை கிடையாது. பதில் கொடுத்த கையோடு பூ வாங்கிவந்து என் தலையில் வைத்துவிடுவார். இப்படிப்பட்டவரை எப்படி வெறுப்பது? நானும் முயன்று பார்த்தேன்.

அந்த வருஷத்துச் சாரல் சீசனில் என்னைப் பெரிய அருவிக்குக் கூட்டிப்போனார். பெண்கள் பக்கம் தள்ளுமுள்ளு. மதினி பாறையோரம் நின்ற ஒரு பெண்பிள்ளையின் துணிமூட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்க குளிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவள் திரும்பி வந்ததும் எங்கள் மூட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். அந்த மூட்டைக்குள் மதினியின் தாலிச்சங்கிலியைத் தவிர மற்ற நகையெல்லாம் இருந்தது.

"மதினி, அவ யாரு?"

"தெரியாது."

"எந்த ஊரு?"

"கேக்கலையே."

"தூக்கிட்டு ஓடிட்டான்னா?"

"ஓட மாட்டா. அவளுக்கு இன்னும் எண்ணெய் போவல, பாத்தியா? திரும்பச் சீயக்காய் தேச்சுக் குளிக்க வருவா. அப்ப அவ மூட்டைய யாருகிட்டக் குடுப்பா? குற்றாலத்துல எவளாவது ஒரு தடவை குளிச்சிட்டு வீட்டுக்குப் போயிருக்காளா? பசி எடுக்குற வரைக்கும் உள்ள போறதும் வெளிய வாறதுமாத்தான இருக்கோம். அதனாலதான் இங்கன துணி களவு போறதில்ல."

அருவிக்குள் நிற்கும்போதெல்லாம் நான் திரும்பித் திரும்பி அந்தப் பெண்பிள்ளையைத்தான் பார்த்தேன். மதினி ஒருமுறைகூடத் திரும்பவில்லை. முன்பின் தெரியாதவள்மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று எனக்கு எரிந்தது. அவள்மேலும் பொறாமை.

ஒருமுறை மட்டும் எங்கள் கணக்கு பிசகியது. மதினியின் செருப்பில் ஒன்று காணாமல் போயிற்று. நான் எடுக்கவில்லை. நான்தான் என்று நினைத்து மதினி என் ஜாமெட்ரி பாக்ஸில் பசையை ஊற்றிவைத்தார். செய்யாத குற்றத்துக்குத் தண்டனையா என்று நான் கொதித்து, அவருடைய குடைக்குள் மாட்டுச்சாணி உருட்டி வைத்தேன். அதற்கு அவர் ஒன்று, அதற்கு நான் ஒன்று. வீடு கலவரபூமி ஆயிற்று. அண்ணன் எந்த டப்பாவைத் திறப்பதற்கும் பயந்து வெளியே காப்பி குடிக்க ஆரம்பித்தான். ஒருநாள் என் முறை முடிந்திருந்தது. அவருடைய புடவைகளின் மடிப்பையெல்லாம் கலைத்துவைத்திருந்தேன். பதிலுக்கு என்ன வருமோ என்று காத்திருந்தால், மதினி கையில் முறுக்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவ நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல."

"ஏன், தோத்துட்டீங்களா?"

"தோக்கல. எங்கயோ கணக்கு தப்பியிருக்கு. நீ அடிச்சேன்னு நான் அடிச்சேன், நான் அடிச்சேன்னு நீ அடிச்சே. மொதல் அடி யாருதுன்னே தெரியல. இப்படியே போனா உங்க அண்ணன் சாமியாராப் போயிருவான். யாராவது ஒரு ஆள் ஒரு அடிய முழுங்கணும். நான் முழுங்கிட்டேன். முறுக்கு தின்னு."

செருப்பை எடுத்தது குரங்கு என்பது பிறகு தெரிந்தது. எதிர்வீட்டு முருங்கைமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குரங்கு செய்ததற்கு என்னைச் சந்தேகப்பட்டதில் ஒன்றும் ஆச்சரியமில்லை என்று அப்பா சொன்னார். அதை நான் இங்கே விவாதிக்க விரும்பவில்லை.

இனி, என் வாழ்க்கையில் நான் சந்தித்த மிகக் கடினமான கேள்வித்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பள்ளிக்கூடத்தில் கேட்கப்பட்டதல்ல. எங்கள் மாட்டுத்தொழுவத்தில் கேட்கப்பட்டது.

போன வருஷம் ஒருநாள் மதினியும் நானும் தென்காசிக் கோவிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு மேட்னி ஷோ போய்விட்டோம். திரும்பும்போது அண்ணன் கடை மேசையில் இருந்த திருநீற்றை எடுத்து இருவரும் நெற்றி நிறையப் பூசிக்கொண்டோம். வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா நாற்காலியில் இருந்தார்.

"என்னட்டி, தரிசனம் எப்படி?"

"ஜோரா இருந்துச்சுப்பா. கூட்டமே இல்ல."

"எப்படிட்டி இருக்கும்? சன்னதித் தெருவுல சாவு. மத்தியானத்துலருந்து நடை சாத்திக் கிடக்கு. நானே தேரடியில நின்னு கும்பிட்டுட்டுத்தான் வாரேன்."

தெருவில் சாவு என்றால் எடுக்கிற வரை கோவில் நடை திறக்காது என்பது எங்கள் பக்கத்தில் கைப்பிள்ளைக்கும் தெரியும். பொய் சொல்லக் கிளம்பிய எங்கள் இரண்டு பேருக்கும்தான், நடை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவைக்கத் தோன்றவில்லை. நெற்றித் திருநீறு எனக்கு அரிக்க ஆரம்பித்தது.

அம்மா மதினியை அடுக்களைக்குள் அழைத்துப்போனாள். அப்பா என்னைத் தொழுவத்துக்குள் கூட்டிப்போனார். நடுவில் இரண்டு சுவர்.

"உங்க மதினி அங்கன எல்லாத்தையும் சொல்லிட்டா" என்றார் அப்பா. "நீதான் அவளை இழுத்துட்டுப் போனியாம். இப்ப நீ சொல்லு. அவதான் கூட்டிட்டுப் போனான்னா, உள்ளதச் சொல்லிரு. உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன். அடுத்த வருஷம் காலேஜ்ல சேத்து விடுதேன். பொய் சொன்னே, பிளஸ் டூவோட நிப்பாட்டிருவேன், பாத்துக்கோ."

அடுக்களையிலும் இதே பேரம்தான் நடந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. செண்பகம்தான் என்று சொல்லிவிட்டால் மதினி வேலைக்குப் போவதைப் பற்றி இனி யாரும் பேச்செடுக்க மாட்டார்கள். இல்லையென்றால் நாளையோடு கல்லூரிக்கு முழுக்கு.

பசு என்னைப் பார்த்து அசைபோட்டது. நானும் அசைபோட்டேன். மதினி என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், நான் வாயை மூடிக்கொண்டிருப்பது முட்டாள்தனம். காட்டிக்கொடுக்கவில்லை என்றால், நான் சொல்லிவிட்டால் எனக்குக் கல்லூரி. அவர் வேலை போகும், அண்ணன் முகத்தைத் தூக்குவான், இரண்டு பொட்டலம் மறுபடி ஒன்றாகும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் சொல்வதுதான் எனக்கு லாபம். வாயைத் திறந்தேன். நாக்கில் நிலவேம்பு கசந்தது. எத்தனை உப்பு, எத்தனை சாணி, எத்தனை முடிச்சு! ஒன்றைக்கூட அவர் அம்மாவிடம் கொண்டுபோனதில்லை. அப்படிப்பட்டவர் இன்று மட்டும் சொல்வாரா? அப்பா புளுகுகிறார்.

"நான்தாம்ப்பா கூட்டிட்டுப் போனேன். மதினி வரமாட்டேன்னுதான் சொன்னாங்க."

அதே நேரத்தில் அடுக்களையிலிருந்து அம்மா வெளியே வந்தாள். இருவரும் முற்றத்தில் சந்தித்துக்கொண்டார்கள்.

"அவ என்னங்கா?" என்றார் அப்பா.

"தான்தான் கூட்டிட்டுப் போனேங்கா. செண்பகம் பச்சப்பிள்ளையாம், ஒண்ணுந் தெரியாதாம்."

"இவ தான்தான் கூட்டிட்டுப் போனேங்கா."

"அப்ப யாரு யாரத்தான் கூட்டிட்டுப் போனா?"

அப்பா என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். தண்டனை கொடுக்க ஆள் அகப்படாமல் போவது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. "ரெண்டு சவத்துக்கும் இந்த சீசன் முழுக்க அருவி கிடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கல்லூரி தப்பியது, வேலையும் தப்பியது. கடையிலிருந்து வந்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. படத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.

மறுநாள் மதினி அடுக்களைத் தரையில் கோலப்பொடியால் நாலு கட்டம் போட்டுக் காட்டினார். இதற்கு ஆட்டக் கோட்பாடு என்று பெயராம். பிடிபட்ட இரண்டு பேரைத் தனித்தனியாக விசாரித்தால் யார் என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறதாம். ஒவ்வொருவரும் தன் லாபத்தை மட்டும் பார்த்தால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்து இரண்டு பேரும் கெட்டுப்போவார்களாம். ஒரே தடவை ஆடினால் அப்படித்தானாம். ஆனால் அதே இரண்டு பேர் திரும்பத் திரும்ப ஆடினால் கதை மாறிவிடுமாம். எங்கோ தூரதேசத்தில் கணிப்பொறிகளை ஒன்றோடு ஒன்று ஆடவிட்டுப் பார்த்தார்களாம். முதலில் நல்லபடியாக ஆரம்பித்து, அடித்தால் ஒரே ஒரு அடி திருப்பி அடித்து, எதிராளி திருந்தினால் உடனே மன்னித்துவிடுகிற ஆட்டம்தான் நிலைத்து நின்றதாம்.

"ஆனா ரெண்டு பேரும் பழியத் தன் தலையிலயே போட்டுக்கிடுறதுக்கு இதுல கட்டமே இல்ல பாத்துக்கோ" என்று சொல்லி மதினி ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப எனக்குத் தலை பின்னி விட்டதெல்லாம் இந்தக் கணக்குத்தானா?"

"ரெண்டு அடிச்சா நீ மூணு அடிப்பே. அடிக்காமலே விட்டா என் தலைமேல ஏறி உக்காருவே. ஒண்ணு அடிச்சிட்டு மறுநாள் சிரிச்சாத்தான் நீயும் சிரிப்பே."

"கணக்கா, பிரியமா? அதச் சொல்லுங்க."

மதினி கோலப்பொடியை விரலில் உருட்டினார். "ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கையில ரெண்டும் ஒண்ணு போலத்தாட்டி தெரியும். இதுதான் கடைசி ஆட்டம்னு தெரிஞ்சுபோச்சுன்னா, அதுக்கு மேல நல்லது செஞ்சு ஒரு லாபமும் இல்ல. எல்லாரும் கைய விரிச்சிருவாங்க. அப்பவும் ஒருத்தி செஞ்சான்னா அது கணக்கு இல்ல."

"சாமர்த்தியமாப் பேசாதீங்க."

"சரி, பேசல. அந்தத் தேங்காயத் துருவு."

நான் அந்தப் பதிலால் திருப்தியடையவில்லை. அடைந்திருக்கவும் முடியாது, ஏனென்றால் அந்தச் சமயத்தில்தான் நான் முன்னே சொன்ன விஜயலட்சுமி என்கிற விஜி வந்து சேர்ந்தாள். ஆய்க்குடியிலிருந்து மதினியின் வகுப்புக்கு வருகிறவள். சந்தேகம் கேட்க என்று வீட்டுக்கு வருவாள். எனக்கு அவள் மேல் சந்தேகம். "மேடம், மேடம்" என்று அவள் சொல்லும்போது பாயசத்தில் விழுந்த ஈ மாதிரி இருக்கும். மதினி அவளோடும் சிரித்தார். அவளுக்கும் ஒருநாள் பூ வைத்துவிட்டார். ஆக, இது எல்லோருக்கும் போடுகிற கணக்குதான், எனக்கென்று தனியாக எதுவும் இல்லை என்று நான் முடிவுகட்டினேன்.

இந்த வருஷம் கோடையில் மதினிக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுக்கையில் விழுந்தார். அப்போதும் விஜி வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பேசுவார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். கஞ்சி கொண்டுபோகிற சாக்கில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

"என்ன பேசினீங்க?"

"உன்னப் பத்தித்தான்."

"பொய்."

"சரி, பொய்."

மதுரைக்கு அழைத்துப்போக ஏற்பாடாயிற்று. போகும் முன்னால் டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, பிழைப்பது கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் மதினியிடம் மறைக்கவில்லை. என்னிடம் மட்டும் மறைத்தார்கள். அது தெரியாததால் நான் என் வேலையைப் பார்த்தேன். சட்னி அரைக்கிற சின்ன அம்மியின் குழவியை எடுத்து, மதினியின் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அண்ணன் பெட்டியைத் தூக்கும்போது தோள் ஒரு பக்கம் இறங்கியது.

"இதென்ன, புஸ்தகத்தை எல்லாம் அள்ளி வச்சிருக்கியா கோமதி?"

மதினி அண்ணனைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் மேலே பறந்த காக்காயைப் பார்த்தேன். "இருக்கட்டும், தூக்குங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்து அரிசி ஆலை அண்ணாச்சி வந்தார். "கோமதி பேசினா தாயி. 'குழவி சேந்துட்டு, பதில் வரும்'னு உங்கிட்டச் சொல்லச் சொன்னா. குழவின்னா என்ன, மருந்தா?"

கல்லூரியிலிருந்து சில மாணவிகள் மதுரைக்குப் போய் மதினியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். விஜியும் போனாள். என்னை அடுத்த வாரம் அழைத்துப்போவதாக அண்ணன் சொல்லியிருந்தான். அந்த வாரம் வருவதற்குள் தவிட்டு வாசனை வந்துவிட்டது.

மதினியை வேனில் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். விஜி விழுந்து புரண்டு அழுதாள். வந்த பெண்களெல்லாம் முதலில் அவளைத்தான் தேற்றினார்கள். என் வீடு, என் மதினி, ஆறுதல் மட்டும் அவளுக்கு! நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கி வைத்துவிட்டு இப்படிப் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகும் சீனி டப்பாவைத் திறந்தால் ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்ப்பேன். சீனி இனிப்பாகவே இருந்தது. அதைப்போல ஒரு கசப்பு உண்டா?

மதுரையிலிருந்து திரும்பிய பெட்டியில் குழவி இல்லை. "குழவிய எங்கட்டி?" என்று அம்மா கேட்டபோதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை விஜி ஒரு பெரிய பையோடு வந்து வாசலில் நின்றாள். "அருவிக்கு வாரியா செண்பகம்?"

அவள் கூப்பிட்டு நான் போவதா என்று இருந்தது. அம்மாதான், "போயிட்டு வாட்டி, வீட்டுக்குள்ளயே கிடக்கே" என்று தள்ளிவிட்டாள். குற்றாலம் வரை நடந்தே போனோம். விஜி பையைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கி வந்தாள். பிடித்துக்கொள்ளட்டுமா என்று நான் கேட்கவில்லை.

அருவியில் நல்ல தண்ணீர். "மொதல்ல நீ போ. உன் மூட்டைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். மதினியைத் தவிர வேறு யாரிடமும் நான் மூட்டையைக் கொடுத்ததில்லை. மதினி அன்று திரும்பிப் பார்க்காமல் நின்றதை நினைத்துக்கொண்டு அவள் கையில் கொடுத்தேன். அருவிக்குள் யார் அழுதாலும் தெரியாது. அங்கே விஜிக்கு என்னைவிட ஒரு சாதகமும் இல்லை. எனக்கு வேண்டிய மட்டும் நின்றுவிட்டு வந்தேன்.

மூட்டையைத் தூக்கினேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன், தோள்தான் இழுத்துக்கொண்டது. முடிச்சுக்கு மேல் முடிச்சு. ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். என் தாவணிக்கு நடுவில், பிள்ளையைப் போலச் சுற்றிவைக்கப்பட்டு, எங்கள் வீட்டு அம்மிக்குழவி இருந்தது.

விஜி நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். "கோவப்படாத. மதுரையில மேடம் குடுத்தாங்க. 'நான் வந்தா நானே குடுத்துக்கிடுதேன், வரலைன்னா நீ குடு'ன்னாங்க. ஒரே ஒரு தடவைதான் குடுக்கணுமாம். அதுக்கு மேல உங்கிட்ட வம்பு வச்சுக்கிடக் கூடாதாம். குடுத்துட்டு உனக்குத் தலை பின்னி விடணுமாம்."

நான் குழவியை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வராததெல்லாம் அப்போது வந்தது. ஆனால் அதற்கு நடுவிலும் எனக்கு ஆறவில்லை.

"உங்கிட்ட ஏன் குடுத்தாங்க?"

"எனக்கு என்ன தெரியும்?" என்றாள் விஜி. அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "கதவச் சாத்திக்கிட்டு என்ன பேசினோம்னு நெனச்சே? செண்பகம் இதச் செஞ்சா, செண்பகம் அதச் சொன்னா. என் பாடத்துல சந்தேகம் கேட்டாக்கூட உன்னத்தான் உதாரணம் சொல்லுவாங்க. உன்னப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும், மூதி."

அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே மரியாதையாக எழுத முடியாது.

கடைசி ஆட்டம் என்று தெரிந்துவிட்டால் எல்லோரும் கையை விரித்துவிடுவார்கள் என்று சொன்னவர் அவர்தான். மதுரையில் படுத்திருந்தபோது அவருக்கு அது தெரிந்திருந்தது. குழவி என்னிடம் வந்து சேரும்போது என் முகம் போகிற போக்கைப் பார்க்க அவர் இருக்கப் போவதில்லை. என்னைச் சிரிக்கவைத்து அவருக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. இருந்தும் பதிலைக் கொடுத்தனுப்பினார். பதிலோடு தலை பின்னிவிட ஓர் ஆளையும். கணக்கா, பிரியமா என்ற என் கேள்விக்கு விடை இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அதன் பிறகு விஜி குளிக்கப் போனாள். அவளுடைய துணிமூட்டையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நிறைய நேரம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். என் விரல்களைப் பற்றி ஊருக்கே தெரியும். மூட்டையின் இரண்டு நுனியும் காற்றில் ஆடிக்கொண்டு என்னைக் கூப்பிட்டன. நான் ஒரு முடிச்சுகூடப் போடவில்லை. பாறையில் உட்கார்ந்தபடி மதினியிடம் மனசுக்குள் சொன்னேன்:

மதினி, நீங்கள் எனக்கு எதையும் பாக்கி வைக்கவில்லை. நிம்மதியாகப் போங்கள். விஜி அருவிக்குள் நிற்கிறாள், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு இன்னும் சீயக்காய் போகவில்லை, திரும்ப ஒருமுறை போவாள். அவள் மூட்டை என் மடியில், பக்கத்தில் குழவி. நான் பார்த்துக்கொள்கிறேன்.